வீட்டிலிருந்து வேலை: நேரமும் செலவும் எழுத்தில் இருக்கட்டும்

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்துப் பழைய மூவறை வீடுகளில் சாப்பாட்டு மேசைதான் பலருக்கு அலுவலகம். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட்-19 முறியடிப்புத் திட்டம் தொடங்கியபோது வேலை வீட்டுக்குள் வந்தது. கட்டுப்பாடுகள் போய்விட்டாலும், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வழக்கம் பலருக்கு நிலைத்துவிட்டது. ரயில் கட்டணம் மிச்சம் என்று மகிழ்ந்தவர்களுக்கு, மின்கட்டணம் ஏறியதும் இரவு பத்து மணிக்கும் மேலாளரின் குறுஞ்செய்தி வருவதும் பிறகுதான் உறைத்தது.

சிக்கனத்தையும் ஒழுங்கையும் நாம் சொந்தப் பழக்கமாகவே பார்க்கிறோம். வீட்டில் வேலை பார்ப்பவருக்கு அவை உரிமைக்கான ஆதாரமும்கூட. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வேலை தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை, அலுவலகத்துக்காகக் கைப்பணம் போட்ட செலவு ஆகிய நான்கையும் தினமும் குறித்து வையுங்கள். அன்றாட ஒழுங்கும் அதனால் நிற்கும். நாளை பிரச்சினை என்று வந்தால் கையில் சான்றும் இருக்கும்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு

நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு குறித்து அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் யாரும் வீட்டிலிருந்து வேலை செய்ய எழுத்துமூலம் கோரலாம். எந்த ஏற்பாடு, எத்தனை நாள், எப்போதிலிருந்து, என்ன காரணம் என்பதெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். “இங்கே அப்படி வழக்கமில்லை”, “ஆள் கண்ணெதிரே இருந்தால்தான் எனக்குத் திருப்தி” போன்றவை ஏற்கத்தக்க காரணங்கள் அல்ல. கேட்டதையெல்லாம் கொடுத்தாக வேண்டும் என்று வழிகாட்டி சொல்லவில்லை. முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

எட்டு மணி நேரம் வீட்டிலும் எட்டு மணி நேரமே

வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி, மாதம் 2,600 வெள்ளிவரை அடிப்படைச் சம்பளம் பெறும் அலுவலக ஊழியர்களுக்குப் பொருந்தும். பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு ஊதியம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் கணக்கு இதுதான். நிர்வாகிகளும் இந்த வரம்புக்கு மேல் சம்பளம் பெறுபவர்களும் தங்கள் ஒப்பந்தத்தில் நேரம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டமாக நடப்புக்குக் கொண்டுவந்தன. சிங்கப்பூரில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. வேலை நேரத்துக்குப் பிந்திய தகவல் பரிமாற்றத்துக்குத் தெளிவான கொள்கை வகுக்கும்படி முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு நிறுவனங்களை ஊக்குவிக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி உங்கள் குழுவில் ஒரு நேரத்தைப் பேசி முடிவுசெய்யுங்கள். முடிவை மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மின்கட்டணமும் வருமான வரியும்

வீட்டிலிருந்து வேலை செய்வதால் கூடும் மின்கட்டணத்தை, முதலாளி திருப்பித் தராவிட்டால், வருமான வரியில் வேலைச் செலவாகக் கழிக்க உள்நாட்டு வருவாய் ஆணையம் அனுமதிக்கிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். முன்பு மாதம் 100 வெள்ளி வந்த கட்டணம் இப்போது 150 வெள்ளி. கூடுதல் 50. வீட்டில் கணவன், மனைவி இருவரும் அப்படி வேலை செய்தால் ஆளுக்கு 25. இந்தத் தொகை வரியிலிருந்து அல்ல, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். மேசை, நாற்காலி, மடிக்கணினி போன்றவற்றின் விலையைக் கழிக்க முடியாது. ஆகவே அவற்றை வாங்குமுன் நிறுவனம் தருமா என்று கேளுங்கள். கட்டண ரசீதுகளை 5 ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள்.

செலவைக் குறைக்க முதலில் குளிரூட்டியைப் பாருங்கள். வேலை பார்க்கும் அறையில் மட்டும் 25 பாகையிலோ அதற்கு மேலோ வைத்து, கூடவே மின்விசிறியையும் ஓட்டினால் வித்தியாசம் அடுத்த ரசீதிலேயே தெரியும். பருவநிலைப் பற்றுச்சீட்டுகள் மீதமிருந்தால், மின்சாரம் குறைவாக இழுக்கும் டிசி மின்விசிறிக்கும் எல்இடி விளக்குக்கும் பயன்படுத்தலாம். மதியச் சாப்பாட்டை வீட்டுக்கே வரவழைத்தால் உணவுக்கு மேல் விநியோகக் கட்டணமும் சேரும். லோரோங் 8 சந்தை, உணவங்காடி நிலையம்வரை நடந்துபோய் வந்தால் காசும் மிச்சம், காலும் அசையும்.

பழைய புளோக்குகளில் எந்த வீட்டிலாவது புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டேயிருக்கும். சுவர் இடிப்பு, ஓடு பெயர்ப்பு போன்ற பேரிரைச்சல் வேலைகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே செய்ய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அனுமதிக்கிறது. புதுப்பிப்பு அறிவிப்பைப் பார்த்து, முக்கியமான இணையச் சந்திப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். இரைச்சல் தாங்காவிட்டால், 1974இல் திறக்கப்பட்ட தோ பாயோ பொது நூலகத்தில் காசு கொடுக்காமல் உட்காரலாம். ஆனால், வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கிய வேலையைப் பொது இடத்தில் திறக்காதீர்கள்.

காயம் பட்டால்

வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் வீட்டு வாசலில் நின்றுவிடுவதில்லை. வேலை செய்துகொண்டிருந்தபோது, அந்த வேலையின் காரணமாகவே காயம் ஏற்பட்டது என்று காட்ட முடிந்தால் இழப்பீடு கோரலாம். நடந்ததை அன்றே முதலாளிக்கு எழுதுங்கள், இடத்தைப் படம் எடுங்கள், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கோருவதற்கு ஓராண்டு அவகாசம் உண்டு.

இரண்டு அபாயங்கள்

கணவரோடு சிங்கப்பூர் வந்து சார்ந்திருப்போர் அட்டையில் வாழும் நம் பெண்கள் பலரிடம், “வீட்டில்தானே செய்கிறாய், யாருக்குத் தெரியப்போகிறது” என்று பகுதிநேர வேலை நீட்டப்படுகிறது. 2021 மே 1 முதல், இங்குள்ள நிறுவனத்தில் வேலை செய்ய அவர்களுக்கு முறையான வேலை அனுமதி தேவை. அனுமதியின்றி வேலை செய்தால் 20,000 வெள்ளிவரை அபராதம், ஈராண்டுவரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

இரண்டாவது, போலி வேலை. பதிவுக்கு விருப்பக்குறி இட்டால் பணம் என்பார்கள். முதலில் சிறு தொகை உண்மையாகவே வரும். பிறகு, பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். சம்பளம் தருபவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார். வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ பிறர் கையில் கொடுத்தால் நீங்களே குற்றவாளி ஆகலாம். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழையுங்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கியிடம் சொல்லிவிட்டுக் காவல்துறையில் புகார் கொடுங்கள்.

எங்கே முறையிடுவது?

சம்பளமோ மிகைநேர ஊதியமோ வராவிட்டால், சர்ச்சைகளைத் தீர்க்கும் முத்தரப்பு அமைப்பான டாடெமில் முதலில் சமரசம் நடக்கும். தீராவிட்டால் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளிவரை, தொழிற்சங்கம் வழியாகச் சென்றால் 30,000 வெள்ளிவரை கோரலாம். வேலையில் இருப்பவருக்கு ஓராண்டும் வேலையை விட்டவருக்கு 6 மாதமும் கெடு. மனம் சோர்ந்தால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது.

முதலாளியை எதிர்க்க வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நேர்மையாக உழைப்பவர் தன் உழைப்பின் கணக்கைத் தானே வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் நியாயம் கேட்டுப் போனவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். கெடு தப்பினால் கணக்கு இருந்தும் பயனில்லை. ஆகவே இன்றைய தேதியிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.