மழலையின் முதற்சொல்

'அம்மா' என்றதா, 'அப்பா' என்றதா என்று வீடுகளிலே அன்புச் சண்டை எழுவதுண்டு. ஏழெட்டு மாதக் குழந்தை 'மம்மா', 'பப்பா' என்பது இதழ்கள் கூடிப் பிரியும் எளிமையினாலேயே. ஒரே ஆளை நோக்கி ஒரே ஒலியைப் பொருளறிந்து மீண்டும் மீண்டும் வழங்கும்போதே, பெரும்பாலும் முதலாம் பிறந்தநாளையொட்டி, அது சொல்லாகின்றது. ஆயினும் எந்தத் தாய் அதுவரை காத்திருக்கிறாள்? வெற்றொலிக்கே "என்ன ராசா?" என்று ஓடிவருகின்றாள். அந்த மறுமொழியைக் கேட்டுக் கேட்டே ஒலி சொல்லாகப் பழுக்கின்றது.

இயேசு பேசிய அரமேய மொழியிலும் தந்தையை அழைக்கும் சொல் 'அப்பா'வே. கெத்சமனித் தோட்டத்தில் அவர் அவ்வாறு அழைத்ததைக் கிரேக்கத்தில் எழுதிய மாற்கு, அச்சொல்லை அப்படியே காத்து, பொருளையும் அருகே தந்தார் (மாற்கு 14:36). அது மழலைக்கு மட்டும் உரியதன்று. நம் தமிழிற்போல் வளர்ந்தோரும் வழங்கியதே.

இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளையை உடைய தாயின் கலக்கம் பெரிது. மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடலாகாது. ஆனால் அப்பிள்ளை கைநீட்டி எழுப்பும் ஒலியும் அவளை நோக்கிய அழைப்பே. 'அப்பா' என அழைக்கும் உரிமையை உரோமையருக்கு எழுதிய பவுல் (8:15), அதே அதிகாரத்தில், சொல்லில் அடங்காப் பெருமூச்சுகளையும் தூய ஆவியாரின் மன்றாட்டாகவே கொள்கின்றார் (8:26).