ஓ.எல். முடிந்தது, ஏ.எல்.லுக்கு என்ன பாடம்?

பெற்றோரே,

ஓ.எல். ரிசல்ட் வரும் நாட்களில் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் பிள்ளை மடுவத்திலும் நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "ஐயா, புள்ள பாஸாகிருச்சு, இனி எந்தப் பாடத்துல போடுறது?" பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "பக்கத்து ஸ்கூல்ல ஆர்ட்ஸ்தான் இருக்கு, அதுலயே போட்டுருவோம்."

கலைப் பிரிவு குறைந்த படிப்பல்ல. ஆனால் பஸ் தூரத்தைப் பார்த்துப் பாடம் தெரிவு செய்யக் கூடாது. ஏ.எல்.லில் எடுக்கும் மூன்று பாடங்கள்தான் பிறகு எந்தப் படிப்புக்குப் போகலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. டாக்டராக நினைக்கும் பிள்ளைக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் வேண்டும். என்ஜினியராக நினைப்பவருக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். வர்த்தகப் பிரிவும், 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவும் இருக்கின்றன.

தரம் 10இலேயே தொடங்குகிறது

ஓ.எல்.லில் 9 பாடங்கள். ஆறு கட்டாயப் பாடங்கள், மூன்று தொகுதிப் பாடங்கள். அந்த மூன்றையும் தரம் 10க்குப் போகும்போதே பிள்ளை தெரிவு செய்கிறது. "கூட்டாளி எடுத்தான், நானும் எடுத்தேன்" என்று இருக்கக் கூடாது. வகுப்பாசிரியரைக் கண்டு பேசுங்கள்.

ஏ.எல்.லுக்குப் போக, பொதுவாகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் மூன்று பாடங்களிலாவது 'சி' தரமோ அதற்கு மேலோ வேண்டும். கணிதம் சறுக்கினால் பல வழிகள் அடைபடும். ஆகவே தவணைப் பரீட்சையில் கணிதப் புள்ளி இறங்கினால் அந்தத் தவணையிலேயே கவனியுங்கள். ஏசுவதால் புள்ளி ஏறாது. மாலையில் தண்ணீர் எடுப்பது, தம்பி தங்கச்சியைப் பார்ப்பது என்ற வேலைகளைக் குறைத்து, ஒரு மணி நேரம் தொல்லையில்லாமல் கணக்குப் போட விடுங்கள். பெண்பிள்ளைக்கும் இதேதான்.

இசட் புள்ளி என்றால் என்ன?

பல்கலைக்கழகத்துக்கு எடுப்பது வெறும் மார்க்கை வைத்தல்ல. அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியை விட நம் பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறது என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஒரு பாடத்தில் சராசரி 40, இன்னொன்றில் 60 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 70 எடுத்த பிள்ளைக்குப் பொதுவாக முதல் பாடத்தில்தான் இசட் புள்ளி கூடுதலாக வரும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். "லேசான பாடம் எடுத்தா மார்க் அள்ளலாம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். லேசானது எல்லோருக்கும் லேசுதான். பிள்ளைக்குப் பிடித்த, நன்றாக வரும் பாடத்தை எடுப்பதே புத்தி.

மூன்று பாடங்களிலும் சித்தியடைவதோடு, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் வேண்டும். இதைப் பல பிள்ளைகள் அசட்டையாக விடுகிறார்கள்.

மாவட்டக் கணக்கு

பல பாடநெறிகளுக்கு 40 வீத இடம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில்; 55 வீதம் மாவட்ட அடிப்படையில்; 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி அந்தப் பட்டியலில் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. பிள்ளை படித்த பாடசாலையை வைத்தே மாவட்டம் பார்க்கப்படுகிறது. ஆகவே டியூஷனுக்காகக் கொழும்புக்கோ கண்டிக்கோ மாற்றுவதற்கு முன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை அதிபரிடம் கேட்டுப் பாருங்கள்.

ரிசல்ட் வந்ததும் இடம் தானாக வராது. குறித்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பாடநெறிகளை விருப்ப வரிசையில் எழுதும்போது ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

இடம் கிடைக்காவிட்டால்

அதோடு எல்லாம் முடிந்துவிடாது. ஏ.எல். சித்தியோடு தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓ.எல். சரிவராத பிள்ளைக்கும் 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ் சில பாடசாலைகளில் தொழிற்பாடம் உண்டு.

"படிக்க வைக்கக் காசு ஏது?" என்பது நியாயமான கேள்வி. அரச பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்குப் பாடக் கட்டணம் இல்லை. தகுதியுள்ளவர்களுக்கு மஹாபொல உதவியும் உண்டு. கஷ்டம் ஏ.எல். படிக்கும் காலத்தில்தான்: பஸ் காசு, போர்டிங், டியூஷன். அதை இரண்டு வருடம் முன்பே கணக்குப் போட்டு, சீட்டுக் காசிலோ போனஸிலோ கொஞ்சம் ஒதுக்குங்கள்.

பிள்ளையிடம் ஒரு தடவை கேளுங்கள்: "நீ என்ன படிக்க ஆசைப்படுறே?" பதிலைக் கேட்டுக்கொண்டு, ஓ.எல். ரிசல்ட் தாளோடு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தப் பாடசாலையில் எந்தப் பிரிவு இருக்கிறது என்று சேர்ந்து விசாரிப்போம்.