ஆமையும் அதிகார எல்லையும்

மலேசியக் கூட்டரசின் அரசியலமைப்புச் சட்டத்தில் ஒன்பதாவது அட்டவணையை, சட்டம் பயிலாத நம்மவர் ஒருவர் பொழுதுபோக்காகப் புரட்டுவாரானால், நிலம், சமயம், விவசாயம் முதலிய கனத்த விஷயங்களின் வரிசையிலே ஆமையும் ஆற்று மீன்பிடிப்பும் மாநிலங்களுக்கே உரியவை என்று தனி இலக்கமிட்டு எழுதியிருப்பதைக் கண்டு சற்றே திகைப்பார். கடல் மீன்பிடித் தொழிலைக் கூட்டரசுக்கு வழங்கும் இடத்திலும் ஆமை நீங்கலாக என்று மறவாமல் விலக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரத்தியேக அக்கறைக்கு ஆமையின் முட்டையே காரணமாயிருந்திருக்கும் என்பது என் அனுமானம். பேராக் நதிக்கரையில் துந்தோங் என்னும் ஆற்றாமையின் முட்டை பழங்காலத்தில் சுல்தானின் உரிமையாக இருந்தது. திரெங்கானுவிலோ 1951-ஆம் ஆண்டிலேயே ஆமைகளுக்கெனத் தனிச் சட்டம் பிறந்து, கரையில் முட்டை சேகரிப்பது உரிமம் பெற்றோரின் தொழிலாயிற்று. அந்த முறை ஆமையைக் காக்கவில்லை. 1950-களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் அளவில் ரந்தாவ் அபாங் மணலில் முட்டையிட்டுச் சென்ற ஏழுவரி ஆமை, இன்று அக்கரைக்கு ஏறக்குறைய அந்நியமாகிவிட்டது. எல்லா ஆமை முட்டைகளின் விற்பனையையும் திரெங்கானு தடைசெய்தது 2022-இல்தான்.

மேரு, கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ் வாசிகளுக்கோ ஆமை என்பது கடற்கரைப் பிராணியன்று. வண்ண மீன் கடையின் கண்ணாடித் தொட்டியில் நீந்தும், கன்னத்தில் செந்நிறக் கீற்றுடைய அமெரிக்கக் குஞ்சு. பண்ணையில் லட்சக்கணக்காக வளர்க்கப்பட்டு உலகெங்கும் பரவிய இந்த இனத்தோடு சால்மொனெல்லா என்னும் கிருமியும் பரவிற்று. ஆமையின் குடலில் எத்தீங்கும் செய்யாமல் வசிக்கும் அக்கிருமி, சில நாள் வெளிப்பட்டும் சில நாள் வெளிப்படாமலும் இருப்பதால், ஒருமுறை செய்த பரிசோதனையில் அகப்படவில்லை என்பதைக் கொண்டு அந்த ஆமை சுத்தமானது என்று எவரும் சான்று தர இயலாது. குழந்தைகள் சிற்றாமைகளை வாயிலிட்டு நோய்ப்பட்டதால், 1975-இல் அமெரிக்கா நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையை விலக்கிற்று. ஆயினும் லூயிசியானாப் பண்ணைகள் உள்நாட்டில் விற்கக்கூடாதவற்றை அயல்நாடுகளுக்குத் தாராளமாக ஏற்றுமதி செய்துவந்தன! முட்டைகளை ஆன்டிபயாட்டிக் மருந்தில் தோய்த்துக் கிருமியை ஒழிக்க முயன்றதன் பலனாக, அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளும் தோன்றின.

உணவுக்காகக் குளங்களில் வளர்க்கப்படும் லபி-லபி என்னும் மெல்லோட்டு ஆமைக்கு வேறு வியாதிகள் உண்டு. சீனத்துப் பண்ணைகளில் கழுத்துச் சிவந்து மடிந்த ஆமைகளிடமிருந்து 1990-களில் ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தனர். நெருக்கமாக அடைத்து வளர்க்கும் குளத்தில் இத்தகைய நோய் பரவ அதிக காலம் பிடிப்பதில்லை.

இங்கேதான் அதிகாரப் பங்கீடு சிக்கலாகிறது. உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் ஆமைக்கும் விதி வகுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி மாநிலத்தின் பொறுப்பு. காட்டாமைகளைக் காப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்கு இலாகாவின் பொறுப்பு. பிராணிகளின் நோய்த்தடுப்போ கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பொதுப்பட்டியலில் இருக்கிறது. கிருமிக்கு இந்தப் பட்டியல்கள் தெரியாது. 1998-இல் பேராக்கின் பன்றிப் பண்ணைகளில் தோன்றிய நிப்பா வைரஸ், லாரியேறிச் சென்ற பன்றிகளோடு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டுக்கை அடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரைக் கொண்டதை இந்நாடு அறியும். ஆமையிடம் நிப்பா இல்லை. ஆனால் ஆமைக் குஞ்சும் மாநில எல்லை கடந்து வாகனத்திலேதான் பிரயாணம் செய்கிறது.

ஆகையால் குளத்துக்கு உரிமம் தரும் மாநில அதிகாரி, குஞ்சு எங்கிருந்து வந்தது, எத்தனை மடிந்தது, மடிந்தவற்றை எவ்வாறு அகற்றினர் என்பவற்றைப் பதிவேட்டில் எழுதச் செய்து, அதைக் கால்நடை மருத்துவ இலாகாவின் பார்வைக்கும் வைப்பாரானால், புதிய சட்டம் எதுவும் இல்லாமலே பாதிக் காரியம் முடிந்துவிடும். மீதிப் பாதி வீட்டாருடையது: தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதிருப்பதும், தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையிடம் ஆமையைக் கொடாதிருப்பதும், வளர்ந்து சலித்துப்போன ஆமையைப் புண்ணியம் என்று கருதிக் கோயில் குளத்திலோ பூங்கா ஏரியிலோ விடாதிருப்பதும்.