கபடிப் பாய் விரியும் முன்னே… ஒரு மனுவின் குதூகலப் பயணம்!

விசில் ஊதிய பிறகு நடப்பதை எல்லோரும் பார்க்கலாம். விசிலுக்கு முன்னால் நடப்பதைப் பார்த்ததுண்டா? மண்டபத்தின் நீள அகலத்தை டேப் பிடித்து அளப்பார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறதென்று தள்ளிப் பார்ப்பார்கள். மனுவில் ‘பார்வையாளர் எண்ணிக்கை’ என்ற இடத்தில் எதை எழுதுவதென்று ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். அப்பப்பா, என்ன விறுவிறுப்பு! காரைக்காலின் மீனவக் கிராமமான கோட்டுச்சேரிமேட்டில் நாலு சுவருக்குள் ஒரு கபடி, கேரம் போட்டி நடத்துவதாக வைத்துக்கொள்வோம். வாங்க, அனுமதி வாங்கும் வழி முழுக்க ஒரு சுற்றுப் போய் வரலாம்!

கடற்கரை மணல் இருக்கும் ஊரில் மண்டபம் எதற்கு என்று கேட்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இளவட்டங்கள் ஊரில் இருப்பார்கள். போட்டி வைக்க இதைவிட நல்ல காலம் ஏது? ஆனால் கத்திரி வெயிலும் அப்போதுதான். சரி, ஐப்பசிக்குத் தள்ளலாமென்றால் பருவமழை வந்து நிற்கும். ஆகவே கூரைக்குள் போவதே வழி. கபடியும் மண்ணை விட்டுப் பாய்க்கு வந்து வெகு நாளாகிவிட்டது. கேரமோ பிறவியிலேயே வீட்டுக்குள் ஆட்டம். சென்னையின் மரிய இருதயத்துக்கு 1996-இல் அர்ஜுனா விருதையே வாங்கித் தந்த ஆட்டம்!

முதல் கையெழுத்துக்கு முன் ஒரு தலையசைப்பு

மீனவக் கிராமத்தில் பொதுக் காரியம் எதுவும் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல் தொடங்காது. “எத்தினி நாளு தம்பி? வெளக்கு வச்சப்பறம் எவ்ளோ நேரம்? பொம்பளப் புள்ளைவொ வந்து பாக்க எடம் இருக்கா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். இந்த மூன்று கேள்விகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், இடம். இனி எந்த அலுவலகப் படி ஏறினாலும் இவையே வேறு வேறு சட்டை மாட்டிக்கொண்டு வரும்!

அடுத்து கொம்யூன் பஞ்சாயத்து. ‘கொம்யூன்’ என்று சொன்னாலே நம் மண்ணின் பிரெஞ்சுக் காலம் எட்டிப் பார்க்கிறதல்லவா? 1739-இல் காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 அன்று ஆட்சியைக் கைமாற்றினார்கள். பெயர் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. இன்று இங்கே நடப்பது 1973-இன் புதுச்சேரி கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்படி வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. நிர்வாகம் அதிகாரிகள் கையில். அதனால் மனுவின் முதல் வரி ‘ஆணையர் அவர்களுக்கு’ என்றே தொடங்கும்.

டேப்பை எடு, அள!

இப்போது ஒரு சுவாரசியம். வடக்கே பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடி வட்டம், தமிழ்நாடு. அந்தப் பக்கம் பிரிட்டிஷ்காரர்கள் 1888-லேயே பொதுமக்கள் கூடுமிடங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். 500 சதுர அடியோ அதற்கு மேலோ உள்ள அடைப்பிடத்தை உரிமம் இல்லாமல் பொதுக் கேளிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றது அது. ஆண்கள் கபடிக்களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். கணக்குப் போடுங்கள்: ஏறத்தாழ 1,400 சதுர அடி! நாற்காலி ஒன்றுகூடப் போடும் முன்பே 500-ஐப் போல் இரண்டே முக்கால் பங்கு தாண்டிவிட்டோம். பிரெஞ்சு மண்ணாக இருந்த நமக்கு அந்தச் சட்டம் வராமல் போயிருக்கலாம். ஆனால் கூட்டத்தைக் கூரைக்குள் அடைத்தால் அதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற நியாயத்துக்கு எல்லைச் சாவடி கிடையாது.

அந்தப் பொறுப்பின் உச்சம் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மக்கள் கூடும் கட்டடங்களில் வெளியேறும் வாசல் 2 மீட்டர் அகலமாவது இருக்கச் சொல்கிறது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். ஏன் வெளிப்பக்கம்? பதறி ஓடும் கூட்டம் கதவின் மேல் சாயும். உள்ளே இழுக்கும் கதவானால் அந்த நெரிசலில் யாராலும் அதை இழுக்க முடியாது.

ஸ்ரீரங்கத்தை நாம் மறக்கலாமா? 2004 ஜனவரி 23 அன்று கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் தீப்பற்றி, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் ஓர் உள்ளரங்க விளையாட்டுக் கூடம் எரிந்து, குழந்தைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அந்தக் கூடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றே இல்லை. இந்த இரண்டு தேதிகளையும் நினைத்துக்கொண்டு படிவத்தைப் பாருங்கள். அதில் ஒரு கட்டம்கூட வீண் கட்டமாகத் தெரியாது.

மைக், டிக்கெட், மீட்டர்

இனி மறுபடியும் உற்சாகம்! புதுச்சேரி மின்துறையிடம் தற்காலிக இணைப்பு, காவல் நிலையத்தில் ஒரு மனு, பிறகு மைக். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கில், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி பேச விலக்கு உண்டு. மண்டபத்துக்குள் நடத்துவதன் லாபம் பார்த்தீர்களா?

டிக்கெட்டில் இன்னொரு இனிப்புச் செய்தி. விளையாட்டுப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் தலைக்கு 500 ரூபாய்க்கு மேல் போகாதவரை ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் கேளிக்கை வரி விதிக்கும் அதிகாரத்தை, ஜிஎஸ்டிக்கு வழிவிட்ட 101-ஆவது திருத்தத்திலும் அரசியல் சட்டம் உள்ளாட்சிகளுக்கே விட்டுவைத்திருக்கிறது. டிக்கெட் அச்சடிக்கும் முன் கொம்யூன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கடல் கடந்தும் ஒரு பார்வை. இங்கிலாந்தின் 2003 உரிமச் சட்டம் ‘உள்ளரங்க விளையாட்டு’ என்று பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. 2013 ஜூன் முதல், காலை 8 முதல் இரவு 11 வரை, 1,000 பேருக்கு மிகாமல் பார்க்க வந்தால் அதற்கு உரிமமே வேண்டாம் என்று தளர்த்திவிட்டார்கள். குத்துச்சண்டைக்கு அந்தச் சலுகை இல்லை. எவ்வளவு தெளிவு! நம் கொம்யூனும் எந்தச் சான்று, எந்த அலுவலகம், எத்தனை நாள் என்று ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு வாசலில் ஒட்டினால், கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் எத்தனை போட்டிகளை நடத்திக் காட்டுவார்கள்!

நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உரிமம் கைக்கு வந்ததும் கோப்பில் பூட்டாதீர்கள். மண்டபத்து வாசலில், எல்லோர் கண்ணிலும் படும் உயரத்தில் ஒட்டுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்ற எண்ணைப் பெரிதாக எழுதிவையுங்கள். அந்த எண் நிறைந்ததும், இறுதிப் போட்டியே ஆனாலும், மாமனே வந்து கேட்டாலும், டிக்கெட் கொடுப்பதை நிறுத்துங்கள்.