ஈரத்துணி சொல்லும் வெயில் கணக்கு!

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் வழியில் சூலக்கரை என்று ஓர் ஊர் இருக்கிறது. சித்திரை மாத மதியத்தில் அங்கே பேருந்துக்காக நின்றிருக்கிறீர்களா? தலை சுடும். ஆனால் சட்டை அவ்வளவாக நனையாது. கடலோரத் தூத்துக்குடியில் வெயில் ஓரிரு டிகிரி குறைவாக இருக்கும் நாளில்கூட சட்டை தொப்பலாகிவிடும்; புழுக்கம் தாங்காது. அப்படியானால் வெப்பமானி பொய் சொல்கிறதா?

இல்லை, பாதி உண்மையைத்தான் சொல்கிறது!

நம் உடம்பு வியர்வையால்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது. அது காய வேண்டும். காயும்போதுதான் தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் வளர்ந்ததற்கு அங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். மருந்து தோய்த்த குச்சியைச் சீக்கிரம் காய வைக்கும் அதே காற்று, வேலை செய்பவரின் வியர்வையையும் காய வைத்துவிடுகிறது. கடலோரக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் அதிகம். வியர்வை காய இடமில்லை!

அதற்காக, சட்டை நனையாத சூலக்கரைக்காரர் தப்பித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் உடம்பிலிருந்து தண்ணீர் போவது அவருக்கே தெரியாது. அதுதான் ஆபத்து.

சரி, இதையெல்லாம் எப்படி அளப்பது? மூன்று வெப்பமானிகள் வேண்டும். ஒன்று, நிழலில் வைக்கும் சாதாரண வெப்பமானி. இரண்டாவது, குமிழில் ஈரத்துணி சுற்றியது. மூன்றாவது, கறுப்பு வண்ணம் பூசிய செம்பு உருண்டைக்குள் செருகியது. அது வெயிலில் நிற்கும். 1950-களில் அமெரிக்கப் படை முகாம்களில் பயிற்சியின்போது வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். ஈரத்துணிக்கு 10-ல் 7 பங்கு, கறுப்பு உருண்டைக்கு 2 பங்கு, சாதாரண வெப்பமானிக்கு 1 பங்குதான்!

போட்டுப் பார்ப்போமா? நிழலில் 38 டிகிரி, உருண்டையில் 48 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரத்துணி சுமார் 24 காட்டும். விடை ஏறக்குறைய 30. ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் ஈரத்துணி 31 காட்டும், விடை 35! ஓரளவு கடினமான வேலைக்கே இந்த எண் 28-ஐத் தாண்டினால், இடையிடையே ஓய்வு தர வேண்டும். நம் கணக்கில் இரண்டுமே தாண்டிவிட்டன, பார்த்தீர்களா?

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர், 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் இப்படி அளந்தார்கள். 352 தொழிலாளர்களையும் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு மீறிய வெப்பத்தில்தான் உழைத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. தாகம் எடுத்தால் குடிக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? உப்பளத்தில் கழிப்பறை இல்லாவிட்டால், பெண்கள் தண்ணீர் குடிக்கவே தயங்குவார்கள். இதை எந்த வெப்பமானியும் காட்டாது, கேட்டால்தான் தெரியும்.

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இரண்டு வெப்பமானிகள் கிடைத்தால், ஆசிரியரிடம் கேட்டு ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றுங்கள். இரண்டையும் வகுப்பறையில் மாட்டி, மதியம் 2 மணிக்குக் குறித்துவையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் குறையக் குறையப் புழுக்கம் கூடும்.

காசில்லாத கருவி ஒன்றும் உண்டு. சிரிக்கக் கூடாது! வெயில் நாளில் சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று பொருள். பட்டாசு ஆலையிலிருந்தோ வயலிலிருந்தோ மாலையில் திரும்பும் அம்மா, அப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள். கூடவே, கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு போங்கள்.