இருபது என்றால் ஒரு மனிதர்

அமெரிக்க ஐக்கிய நாட்டு உயர்நிலைப்பள்ளி மாணவர் பலர், கோடை விடுமுறையில் சில வாரங்கள் மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டிற்குச் செல்கின்றனர். காலையில் ஸ்பானிய மொழிப் பாடம், பிற்பகலில் ஊர்த்தொண்டு, ஓய்வு நாட்களில் மாயர்களின் பழம்பெரு நகரங்களைக் காணுதல். என் தங்கையின் பேர்த்தி ஒருத்தி, பதினாறு வயதினள், சிக்காகோவிலிருந்து அவ்வாறு சென்று வந்தாள். அவள் சொல்லக் கேட்டவற்றையும், பின்னர் நூல்களில் நான் தேடிப் படித்தவற்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. கோடைப் பயணம் என்று புறப்பட்டவளை அங்கே குளிர்காலம் வரவேற்றது. மே முதல் அக்டோபர் வரை அங்கு மழை பெய்யும். அப்பருவத்தை அந்நாட்டார் ‘இன்வியெர்னோ’, அதாவது குளிர்காலம் என்றே வழங்குகின்றனர். அரசுப் பள்ளிகளின் ஆண்டும் ஜனவரியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. ஆகவே இவளுக்கு விடுமுறை. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கோ பாடநாள். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் முதலில் தங்கிய ஊர் அந்திகுவா. 1773இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் சிதைந்து, தலைநகர் என்னும் பெருமையை இழந்த ஊர் அது. இடிந்த மாதாகோயில்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. இப்போது அவ்வூர் மொழிப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்றது. ஒரு மேசை, ஓர் ஆசிரியர், ஒரே மாணவர். நாள்தோறும் நான்கு மணி நேரம். ஐம்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பித்த எனக்கு இதைக் கேட்கப் பொறாமையாகவே இருந்தது. பாடம் முடிந்து, தங்கியிருக்கும் குடும்பத்தாரிடம் வந்தாலும் ஸ்பானியம்தான். பசித்தால் அம்மொழியில் கேட்டாக வேண்டும்.

தமிழ் அறிந்தவர்க்கு ஸ்பானியத்தில் சில இடங்கள் எளியவை. ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன். ‘ஆப்லாமோஸ்’ என்றால் பேசுகிறோம். நான், நாம் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை; வினையின் ஈறே சொல்லிவிடும். ரகர றகர வேறுபாட்டை நாம் மதிப்பதுபோல் அவர்களும் இருவகை ரகரத்தை மதிக்கின்றனர். ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’; நாக்கை அதிரவிட்டுப் ‘பெர்ரோ’ என்றால் நாய். இவள் ‘ஆனால்’ என்று தொடங்கிய வாக்கியங்களிலெல்லாம் சில நாட்கள் நாய் குரைத்ததாம்!

இரண்டு வாரங்களுக்குப் பின் சோலோலா மலைப்பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு அவளை அனுப்பினர். கற்ற ஸ்பானியத்தோடு முதல் வகுப்புக் குழந்தை ஒன்றிடம் பேசினாள். குழந்தை விழித்தது. அதன் தாய்மொழி ஸ்பானியம் அன்று, கக்சிகெல். குவாத்தமாலாவில் இருபத்திரண்டு மாய மொழிகள் வழங்குகின்றன. ஸ்பானியம் அங்கே பதினாறாம் நூற்றாண்டில் வாளோடு வந்த மொழி. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மாண்டவரும் காணாமற்போனவருமாக இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரில் பெரும்பாலோர் மாயர்களே. அவர்களுடைய மொழிகளுக்குத் தேசிய மொழிகள் என்னும் சட்ட ஏற்பு 2003இல்தான் கிடைத்தது.

இதைக் கேட்டபோது என் முதற்பணி நினைவுக்கு வந்தது. ஓசூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர். வீட்டில் தெலுங்கு பேசும் சிறுவன் ஒருவன் என் வினாவுக்கு வாய் திறவாமல் நின்றான். முரடன் என்று எண்ணி அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றினேன். ஆசிரியப் பயிற்சி பெற்று வந்த எனக்கு, அவனுக்கு வினாவே விளங்கவில்லை என்பது விளங்கப் பல நாட்களாயின.

அந்த மலைப்பள்ளி ஆசிரியை என்னினும் அறிவுடையவர். வந்த பெண்ணைப் பாடம் நடத்த விடவில்லை. ‘உனக்கும் ஸ்பானியம் புதிது, இவளுக்கும் புதிது, இருவரும் சேர்ந்து படியுங்கள்’ என்று அக்குழந்தையின் அருகே உட்கார வைத்தார். தொண்டு செய்ய வந்தோமே என்று இவளுக்குச் சற்றே வருத்தம். என் கருத்தில் அதுவே சரியான ஏற்பாடு. பாடநாளில் விருந்தினர் வந்து ஆடிப்பாடிச் சென்றால், போவது குழந்தைகளின் பாடவேளை அல்லவா? சுவர் எழுப்பும் தொண்டும் அப்படித்தான். கரணை பிடித்தறியாத பிள்ளைகள் அடுக்கும் செங்கல், உள்ளூர்க் கொத்தனாரின் ஒருநாள் கூலி. போகுமுன், ‘அவ்வூரார் எம்மிடம் கேட்டது என்ன?’ என்று வினவுதல் வேண்டும்.

மாயர்கள் எழுத்தறியாத மக்கள் அல்லர். 1562இல் யுக்காத்தானில் மானி என்னும் ஊரில், தியேகோ தெ லாந்தா என்னும் பாதிரியார் அவர்களுடைய ஏடுகளைத் தீயிலிட்டார். பழைய ஏடுகளில் இன்று எஞ்சியவை நான்கே. ஆயினும் அவரே எழுதிவைத்த குறிப்பொன்றுதான், 1952இல் யூரி க்னோரோசோவ் என்னும் சோவியத் அறிஞர் அவ்வெழுத்தைப் படிக்கும் வழியைக் காண உதவியது. எரித்த கையே திறவுகோலையும் விட்டுச் சென்றது.

மாயர்களின் எண்ணை அவ்வாசிரியை சோளமணியும் குச்சியும் கொண்டு கற்பித்தார். மணி ஒன்று, குச்சி ஐந்து, சுழிக்குச் சிப்பி வடிவம். நாம் பத்துப்பத்தாக எண்ணுகிறோம்; அவர்கள் இருபது இருபதாக எண்ணுகின்றனர். கீழ்த்தட்டில் ஒன்றுகள், அதற்கு மேற்தட்டில் இருபதுகள். இருபதுக்கு அவர்கள் வழங்கும் சொல்லில் ‘ஒரு மனிதர்’ என்னும் பொருள் அமைந்திருக்கிறது. கைவிரலும் கால்விரலும் சேர்ந்தால் இருபதல்லவா?

சென்ற மாதம் என் பிறந்தநாளுக்கு அவளிடமிருந்து வாழ்த்து வந்தது. மேற்தட்டில் மூன்று புள்ளிகள். கீழ்த்தட்டில் ஒரு கோடு, அதன்மேல் இரண்டு புள்ளிகள். வேறொன்றும் எழுதவில்லை. என் வயது என்னவென்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.