வாய்பாடும் சூளையும்: ஆல்ஃபிரட் செராமிக் கல்லூரியில் பொறியியலும் கலையும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆல்ஃபிரட் என்னும் சிற்றூரில் 1900ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற செராமிக் கல்லூரி, செராமிக் பொறியியலையும் செராமிக் கலையையும் ஒரே நிறுவனத்திற்குள் கற்பித்துவருகிறது. இயல்பால் வேறுபட்ட இவ்விரு துறைகளும் ஒரு கூரையின்கீழ் இணைந்தமைக்கான அடிப்படை யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தொழிற்சாலைகளின் மறைபொருளாக இருந்த கண்ணாடிப்பூச்சுக் கலவை, எண்களால் எழுதத்தக்க வாய்பாடாக மாறியதே இவ்விணைப்பிற்கு வழிவகுத்தது என்பதும், எதனைக் 'குறை' எனக் கொள்வது என்பதில் இரு துறையினரும் வேறுபடும் இடமே இவ்விணைப்பின் எல்லை என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செராமிக், கண்ணாடிப்பூச்சு, ஸேகர் வாய்பாடு, சூளை, தொழில்நுட்பக் கல்வி, சார்லஸ் பின்ஸ்.

முன்னுரை

செங்கல், ஓடு, மட்பாண்டம், பீங்கான், உலைச்சுவருக்கான தீக்கல், மின்கம்பிகளைத் தாங்கும் காப்பான் ஆகியவை பயன்பாட்டால் வேறுபட்டவை. ஆயினும் உலோகமல்லாத கனிமப் பொருளை உருவாக்கி, உயர்வெப்பத்தில் சுட்டு, நிலைத்த திடப்பொருளாக்குதல் என்னும் செயல்முறை இவையனைத்திற்கும் பொதுவானது. இவற்றைத் தொகுத்துச் சுட்டும் சொல்லாகச் 'செராமிக்' என்பது இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. பாண்டத்தின் மேற்பரப்பில் உருகிப் படியும் கண்ணாடித்தன்மை கொண்ட பூச்சு 'கண்ணாடிப்பூச்சு' எனக் குறிக்கப்படுகிறது.

செராமிக் கல்வியைப் பொறியியலின் ஒரு பிரிவாகவோ, நுண்கலையின் ஒரு பிரிவாகவோ தனித்தனியே அமைக்கும் நிறுவனங்கள் பல உள. இரண்டையும் ஒருசேரக் கொண்ட தனிச்சிறப்புக் கல்லூரிகள் அரியவை. அவற்றுள் நூற்றாண்டைக் கடந்த வரலாறு உடையது ஆல்ஃபிரட் கல்லூரி. இவ்விணைப்பை நிறுவன வசதி கருதிய ஏற்பாடாக மட்டும் கொள்ள இயலாது. செராமிக் அறிவின் தன்மையிலேயே அதற்கான காரணம் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. தொழிற்கூடத்திலிருந்து கல்லூரிக்கு

அமெரிக்காவில் செராமிக் பொறியியலுக்கான முதல் கல்வித்திட்டம், எட்வர்டு ஆர்ட்டன் இளையவரின் முயற்சியால் 1894இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றது. ஆறு ஆண்டுகள் கழித்து நியூயார்க் மாநிலம் தனக்கென ஒரு செராமிக் பள்ளியைச் சட்டத்தின் வழி நிறுவியது. அது 1836 முதல் இயங்கிவந்த ஆல்ஃபிரட் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டது. அவ்வட்டாரத்தில் கிடைக்கும் களிப்பாறையைக் கொண்டு கூரையோடு செய்யும் ஆலையொன்று ஏற்கெனவே அவ்வூரில் இயங்கிவந்தது. மூலப்பொருளும் தொழிலும் கல்வி நிறுவனமும் ஓரிடத்தில் அமைந்தமை இதனால் விளங்கும்.

பள்ளியின் முதல் இயக்குநர் சார்லஸ் ஃபெர்கஸ் பின்ஸ் (1857–1934). இங்கிலாந்தின் புகழ்பெற்ற ராயல் வூஸ்டர் பீங்கான் ஆலையின் இயக்குநராக இருந்தவரின் மகனான இவர், பதின்பருவத்திலேயே அவ்வாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1897இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1900 முதல் 1931 வரை ஆல்ஃபிரட் பள்ளியை நடத்தினார்.

பின்ஸின் வாழ்க்கையில் நேர்ந்த இம்மாற்றம் கருதத்தக்கது. ஐரோப்பியப் பீங்கான் ஆலைகளில் வேலைப்பகுப்பு மிகுதி. களிமண் கலப்பவர், வனைபவர், அச்சில் வார்ப்பவர், பூச்சிடுபவர், ஓவியம் தீட்டுபவர், சூளையிடுபவர் எனத் தனித்தனியே பலர் இருந்தனர். ஒருவர் பணியின் முழுமை மற்றவருக்குத் தெரியாது. பூச்சுக் கலவையின் அளவுகள் ஆலையின் உடைமையாகக் காக்கப்பட்டன. அத்தகைய சூழலில் வளர்ந்த ஒருவர், களிமண்ணைப் பதப்படுத்துவது முதல் சூளையிலிருந்து பாண்டத்தை எடுப்பது வரை அனைத்தையும் ஒரே மாணவர் கற்கவேண்டும் என்னும் நெறியை ஆல்ஃபிரடில் வகுத்தார். 1910இல் வெளிவந்த இவரது 'தி பாட்டர்ஸ் கிராஃப்ட்' என்னும் நூல் இந்நெறியைப் பொதுவாசகருக்கும் கொண்டுசென்றது.

2. பொதுமொழியாக அமைந்த வாய்பாடு

பூச்சின் இரகசியம் பாடமாக மாறுவதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அதனை வழங்கியவர் பெர்லின் அரச பீங்கான் ஆலையைச் சார்ந்து ஆய்வு செய்த ஹெர்மன் ஸேகர் (1839–1893). பூச்சுக் கலவையை எடையளவுகளின் பட்டியலாக எழுதும் வழக்கத்தை மாற்றி, அதிலுள்ள ஆக்சைடுகளின் மூலக்கூற்று விகிதமாக எழுதும் முறையை அவர் உருவாக்கினார். அவருடைய எழுத்துகளின் ஆங்கிலத் தொகுப்பை அமெரிக்கச் செராமிக் சங்கம் 1902இல் வெளியிட்டது.

ஸேகர் முறையில் ஆக்சைடுகள் மூன்று தொகுதிகளாகப் பகுக்கப்படுகின்றன. முதலாவது, உருகுவெப்பத்தைக் குறைக்கும் உருக்கிகள். பொட்டாசியம், சோடியம், கால்சியம் முதலியவற்றின் ஆக்சைடுகள் இதில் அடங்கும். இரண்டாவது, உருகிய பூச்சு வழிந்தோடாமல் நிலைப்படுத்தும் அலுமினா. மூன்றாவது, கண்ணாடியை உருவாக்கும் சிலிக்கா. உருக்கிகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1 எனக் கொள்ளப்படும். இதனால் எந்த ஊரில் எந்த மூலப்பொருளால் செய்யப்பட்ட பூச்சையும் மற்றொன்றுடன் நேராக ஒப்பிட முடிகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஸேகர் அமைத்த 4ஆம் எண் கூம்பின் இயைபு வருமாறு: பொட்டாசியம் ஆக்சைடு 0.3, கால்சியம் ஆக்சைடு 0.7, அலுமினா 0.5, சிலிக்கா 4.0. இதே இயைபு உயர்வெப்பப் பூச்சாகவும் பயன்படக்கூடியது. இதனைக் கலவையாக மாற்றும் கணக்கு நான்கு படிகளில் முடியும்.

முதலில் 0.3 பங்கு பொட்டாசியம் ஆக்சைடைப் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்திலிருந்து பெறவேண்டும். இக்கனிமத்தின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 557 ஆதலால் 167 பங்கு எடை தேவை. அதனுடனேயே 0.3 அலுமினாவும் 1.8 சிலிக்காவும் வந்துவிடுகின்றன. அடுத்து 0.7 கால்சியம் ஆக்சைடுக்காகச் சுண்ணாம்புக்கல் தூள் 70 பங்கு சேர்க்கப்படுகிறது. எஞ்சிய 0.2 அலுமினாவை 52 பங்கு வெண்களிமண் தருகிறது. அதில் 0.4 சிலிக்காவும் உண்டு. இறுதியாக, குறைவுபடும் 1.8 சிலிக்காவுக்கு 108 பங்கு குவார்ட்ஸ் தூள் வேண்டும். மொத்தத்தை நூற்றுக்கூறாக்கினால் ஃபெல்ட்ஸ்பார் 42, குவார்ட்ஸ் 27, சுண்ணாம்புக்கல் 18, வெண்களிமண் 13 எனக் கிடைக்கும்.

இக்கணக்கு எளியது. ஆயினும் அதன் விளைவு பெரிது. ஒரு கனிமம் கிடைக்காதபோது வேறொன்றால் அதே வாய்பாட்டை அமைக்கலாம். பூச்சு அளவுக்கு மீறி வழிந்தால் எந்த எண்ணை மாற்றவேண்டும் என்பதை ஊகிக்கலாம். காப்பான் செய்யும் பொறியாளரும் பூச்சாடி வனையும் கலைஞரும் ஒரே தாளில் ஒரே கணக்கை எழுதுகின்றனர். இரு துறைகளும் ஒரே கல்லூரியில் அமைவதற்குரிய அறிவுத்தளம் இதுவே எனலாம்.

3. சூளையில் நிகழ்வன

வாய்பாடு தாளில் முடிகிறது. சூளையிலோ மாற்றங்கள் தொடங்குகின்றன. வெண்களிமண் ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேல் தன் வேதிப்பிணைப்பிலுள்ள நீரை இழக்கிறது. அதன்பின் அதனைத் தண்ணீரில் கரைத்து மீண்டும் குழைக்க முடியாது. 573 பாகையில் குவார்ட்ஸ் படிகத்தின் அமைப்பு மாறி, அதன் கனஅளவு திடீரெனப் பெருகுகிறது. ஆறும்போது அதே வெப்பநிலையில் மீண்டும் சுருங்குகிறது. இக்கட்டத்தை விரைந்து கடந்தால் பாண்டம் விரிசலுறும்.

உயர்வெப்பத்தில் காற்றின் நிலையும் முக்கியமானது. ஆக்சிசன் போதிய அளவு இருந்தால் பூச்சிலுள்ள சிறிதளவு இரும்பு மஞ்சளாகவோ பழுப்பாகவோ தோன்றும். காற்றைக் குறைத்து எரித்தால் அதே இரும்பு ஒடுக்கமடைந்து சாம்பல் கலந்த பச்சையைத் தரும். சீனத்தின் செலடன் பாண்டங்களின் நிறம் இவ்வாறு அமைந்ததே.

சூளையின் நிலையை அறிய ஸேகர் 1886இல் உருவாக்கிய கூம்புகள் உதவின. குறிப்பிட்ட இயைபுடைய சிறு கூம்பு, வெப்பமும் அதற்கு ஆட்பட்ட காலமும் சேர்ந்து விளைவிக்கும் மாற்றத்தால் வளையும். வெப்பமானி வெப்பநிலையை மட்டும் காட்டும். கூம்போ, பாண்டத்தின்மேல் வெப்பம் ஆற்றிய பணியைக் காட்டும். சூளைக்காரரின் கண்ணறிவு அளவுகோலாக மாறியதற்கு இது சான்று.

4. குறையும் குணமும்

பொதுமொழி இருப்பதால் பொதுநோக்கும் இருக்கும் எனக் கருத இயலாது. பூச்சில் தோன்றும் வலைப்பின்னல் போன்ற நுண்விரிசல் இதற்குத் தக்க சான்றாகும். சூளை ஆறும்போது பூச்சு அடியிலுள்ள பாண்டத்தைவிட மிகுதியாகச் சுருங்கினால், பூச்சு இழுவிசைக்கு உள்ளாகிப் பிளவுபடுகிறது. சிலிக்காவை மிகுத்து, காரவகை உருக்கிகளைக் குறைத்து இதனை நீக்கலாம்.

பொறியியல் மாணவருக்கு இது நீக்கவேண்டிய குறை. மின்காப்பானில் பூச்சு சற்றுக் குறைவாகச் சுருங்குமாறு அமைக்கப்படுகிறது. அப்போது பூச்சு அழுத்தவிசைக்கு உட்பட்டுக் காப்பானின் வலிமையைக் கூட்டும். உணவுக்கலத்திலோ விரிசலின் வழி ஈரம் ஊடுருவும். ஆனால் சீனத்துச் சுங் அரசமரபுக் கால மரபில் வந்த சில பாண்டங்களில் இதே விரிசல் விரும்பிப் போற்றப்பட்ட அழகு. நிகழ்வு ஒன்று; காரணமும் ஒன்று; மதிப்பீடு மட்டும் இரண்டு.

பளபளப்பற்ற பூச்சும் இத்தகையதே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கலைப்பாண்டங்களில் அது பெரிதும் விரும்பப்பட்டது. போதிய அளவு வேகாத பூச்சும் மங்கலாகவே தோன்றும். முழுதும் வெந்து, ஆறும்போது நுண்படிகங்கள் தோன்றுவதால் மங்கும் பூச்சும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒத்திருக்கலாம். முன்னது உறுதியற்றது, பின்னது நிலைத்தது. இவ்வேறுபாட்டை அறிந்தாலன்றிக் கலைஞர் தாம் விரும்பும் மங்கலை மீண்டும் பெற இயலாது. எதனை விரும்புவது என்பதை வேதியியல் கூறாது. விரும்பியதை மறுமுறையும் பெறும் வழியை அது கூறும்.

பின்ஸிடம் பயின்றவர்களுள் ஒருவரான அடிலெய்ட் ஆல்சாப் ரொபினோவின் பணி இதற்கு மற்றொரு சான்று. 1910இல் மிசூரி மாநிலத்தின் யூனிவர்சிட்டி சிட்டியில் அவர் செதுக்கிய 'ஸ்கேரப்' பூச்சாடி, ஏறத்தாழ 1000 மணிநேர உழைப்பில் உருவானதாகக் கூறப்படுகிறது. முதற்சூட்டில் அதன் அடிப்பகுதி விரிசலுற்றது. அவர் அரைத்த பீங்கான் தூளால் விரிசலை நிரப்பி, மீண்டும் பூச்சிட்டுச் சுட்டுக் காத்தார். கைத்திறனும் பொருளறிவும் ஒருவரிடமே சேர்ந்திருந்தமையால் இது கைகூடியது.

5. இணைந்தும் பிரிந்தும்

தொடக்ககால மாணவர்கள் சென்ற இடங்கள் இவ்விருவகைக் கல்வியின் பயனைக் காட்டுகின்றன. ஆர்தர் பேக்ஸ் மார்பில்ஹெட் பாண்டக்கூடத்தை வளர்த்துப் பின்னர் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கை கோவன் கிளீவ்லாந்து வட்டாரத்தில் தம் பெயரால் பாண்டக்கூடம் நிறுவினார். பால் காக்ஸ் 1910இல் நியூ ஆர்லியன்சின் நியூகோம்ப் பாண்டக்கூடத்தில் செராமிக் வல்லுநராகப் பொறுப்பேற்று, அங்குப் பளபளப்பற்ற பூச்சை வழக்கிற்குக் கொண்டுவந்தார். கலைக்கூடம் வேதியியல் பயின்றவரை நாடிய நிலையை இங்குக் காணலாம்.

1932இல் பள்ளி, நியூயார்க் மாநிலச் செராமிக் கல்லூரி எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதே ஆண்டு சாமுவேல் ஸ்கோல்ஸ் வந்து கண்ணாடித் தொழில்நுட்பக் கல்வியைக் கட்டமைத்தார். கல்லூரி நூலகம் இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பின்னர் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் அங்கமான இக்கல்லூரி, தனியார் பல்கலைக்கழக வளாகத்தில் மாநில நிதியுடன் இயங்குகிறது. பொறியியற்பள்ளி, கியோசெரா நிறுவனத்தைத் தோற்றுவித்த கசுவோ இனாமோரியின் பெயரைக் கொண்டது.

பாடப்பொருளும் விரிந்துவிட்டது. பொறியியல் மாணவர் படிக அமைப்பு, நிலைமை வரைபடம், முறிவியல், மின்னணுச் செராமிக், உயிர்மருத்துவச் செராமிக் ஆகியவற்றைப் பயில்கிறார். அலுமினா, சிர்கோனியா போன்ற தூய ஆக்சைடுகளே அவருக்குப் பெரிதும் மூலப்பொருள்; ஆற்றங்கரைக் களிமண் அன்று. கலை மாணவரின் பணியோ சிற்பம், நிறுவுகலை எனப் பாண்டத்தைக் கடந்து சென்றுள்ளது. ஆகவே பின்ஸ் காலத்தில் ஒரே மாணவரிடம் கூடியிருந்த இரு அறிவுகள், இன்று ஒரே வளாகத்தின் இருவேறு மாணவர்களிடம் உள்ளன.

ஆயினும் தொடர்பு அறுந்துவிடவில்லை. 1957 முதல் நாற்பது ஆண்டுகள் அங்குக் கற்பித்த கலைஞர் வால் குஷிங், களிமண், பூச்சுக் கணக்கு, சூளை பற்றி மாணவர்க்கென ஒரு கையேட்டைத் தொகுத்தார். அது கல்லூரிக்கு வெளியேயும் பயன்பட்டது. கலைப்பயிற்சிக்குள் ஸேகரின் கணக்கு தொடர்ந்து இடம்பெற்றுவந்ததை இது உணர்த்தும்.

தொகுப்புரை

பூச்சு வாய்பாடு, ஆலையின் மறைபொருளைக் கற்பிக்கத்தக்க அறிவாக்கியது. அதன் வழிப் பொறியியலும் கலையும் ஒரு பொதுமொழியைப் பெற்றன. குறை எது, குணம் எது என்னும் வினாவில் இரு துறைகளும் பிரிந்தாலும், அக்குறையின் காரணத்தை இரண்டும் ஒரே மொழியில் விளக்குகின்றன. தனிச்சிறப்புக் கல்லூரியொன்றின் தகுதி, அதிலுள்ள துறைகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒரு துறையினர் கழித்த பாண்டத்தை மறுதுறையினர் எடுத்து ஆராயவும், இருவரும் அதனைப் பற்றி ஒருவருக்கொருவர் விளங்குமாறு உரையாடவும் அங்கு இயலுமா என்பதே அதற்கான அளவுகோலாகும். துறைகள் மேன்மேலும் நுண்மையாகப் பிரிந்துவரும் இக்காலத்தில், அவ்வுரையாடலுக்குரிய பொதுப்பாடத்தைக் காத்துக்கொள்வதே இத்தகைய கல்லூரிகளின் முதன்மையான பொறுப்பாகும்.